சின்ன மாப்ள போட்ட விண்டோஸ்

கொஞ்சம் அக்கட்டால நகந்து உக்காருங்க. பொட்டி முட்டியில இடிக்குதுங்களா? நான் மடியிலயே வெச்சுக்கறனுங்க. மேல வெச்சா உழுந்துரும், கீழ வெச்சா போறவன் வாறவன் காலு படும். கம்ப்யூட்டருதானுங்க. போர்வையில சுத்தியிருக்குதேன்னு பாக்கறீங்க. சும்மா தூக்கிட்டு வந்தா காங்கயம் பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு கேப்பான், என்ன சென்னியப்பா, நீ மாட்டுன பொட்டி படுத்துக்கிச்சான்னு. படுக்கலீங்க. அருமையா ஓடுது. ஓடறதுனாலதான் கோயமுத்தூருக்குக் கொண்டு போறன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. முழுசாக் கேட்டா நீங்களே சொல்லுவீங்க, நாயம் என்ற பக்கம்தான்னு. நீங்களும் கழுத்துல அட்டை மாட்டியிருக்கீங்க, கம்ப்யூட்டர் கம்பேனிங்களா? நெனச்சன். கோச்சுக்காதீங்க தம்பி, நான் சொல்லப்போற ஆளும் அட்டை மாட்டற ஆளுதான்.

எனக்குக் காங்கயத்துல மோட்டார் காயில் கட்டற பட்டறைங்க. சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துல கெணத்து மோட்டாரு எரிஞ்சாலும் என்கிட்டத்தான் வரும். மோட்டாரு ஓடற சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் பேரிங் தேஞ்சிருக்குதுன்னு சொல்லிப்போடுவன். பெருமைக்குச் சொல்லல. பெருமைக்கும்தான் சொல்றன், வெச்சுக்கங்க.

மாமனாரு ஊடு வெள்ளகோயில் பக்கமுங்க. அவருக்கு ரெண்டு பொண்ணு. மூத்தது கலாமணியை நான் கட்டுனன். சின்னது சுகுணா அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்துச்சு. அப்பறம் ரொம்ப வருசத்துக்கு அந்த ஊட்டுக்கு நான் ஒருத்தன்தான் மாப்ள. ஃபேனு ஓடலீன்னா நான், மிக்ஸி பொகையுதுன்னா நான். நோம்பி, பண்டிகைன்னு போனா மொத எலை எனக்கு, கோழி அடிச்சா ஈரலு என் எலைக்கு. நான் கேட்டு வாங்கலீங்க. அதுவா வரும். மாமனாரு திண்டுல சாஞ்சுக்கிட்டு, வந்த ஒறம்பரை, சொந்தபந்தத்துகிட்டயெல்லாம் சொல்லுவாரு, எங்க மாப்ள கைபட்டா கரண்டே கைகட்டி நிக்குமுன்னு. அதைக் கேட்டுட்டே சாப்பிடறதுல ஒரு ருசி இருக்குதுங்க.

அப்பறம் சுகுணாவுக்கு மாப்ள வந்துச்சு. நவநீதன். பெங்களூர்ல உங்களாட்டம் வேலை. பையன் எப்படின்னு கேக்கறீங்களா? நல்ல பையன். அதுதானுங்க பிரச்சனையே. தண்ணி கெடையாது, சிகரெட் கெடையாது, எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான். என்னைய வாயார அண்ணா, அண்ணாங்கறான். ஒரு கொறை சொல்லலாம்னு நானும் பாக்கறன், கொறை கெடைச்சாத்தானே?

வந்து ஒரு வருசம் ஆகல. மாமனாரு போன்ல எழுத்தைப் பெருசு பண்ணிக் குடுத்தான். மாமியாளுக்கு சாமிப் பாட்டு வர்ற மாதிரி டிவியில என்னத்தையோ குத்தி உட்டான். சரி, அது அவன் தொழிலு. ஆனா கேளுங்க தம்பி, தோட்டத்து மோட்டாருக்குப் போன் ஸ்டார்ட்டர் மாட்டி உட்டுட்டானுங்க. ஊட்டுல படுத்துக்கிட்டே போன்ல அமுத்துனா கெணத்துல மோட்டாரு ஓடுது. அந்த மோட்டாருக்குக் காயில் கட்டுனது யாரு? நானு. ரெண்டு தடவை கட்டியிருக்கறன். இப்ப மாமனாரு திண்டுல சாஞ்சுக்கிட்டு என்ன சொல்றாருன்னா, சின்ன மாப்ள பெங்களூர்ல உக்காந்து அமுத்துனாக்கூட இங்க தண்ணி பாயுது பாருங்கறாரு. பத்திக்கிட்டு வருமா வராதா? போன நோம்பிக்கு ஈரலு யாரு எலைக்குப் போச்சுன்னு நான் சொல்லோணுமா?

பொறாமைங்கறா என்ற ஊட்டுக்காரி. எனக்கு என்னத்துக்குங்க பொறாமை? அவன் சம்பளம் அவனுக்கு, என்ற பட்டறை எனக்கு. வயித்தெரிச்சல்னு வேணும்னா சொல்லலாம்.

இந்தப் பொட்டிக்கு வர்றன். எனக்கு ஒரே பொண்ணு, கவிநிலா. பாப்பான்னுதான் கூப்புடறது. பன்னெண்டாவது முடிச்சிருக்குது. அது படம் வரையுங்க, பொம்மையெல்லாம் நடக்கற ஓடற மாதிரி. அதுக்குன்னு ஒரு காலேசு இருக்குதாமா, வரைஞ்சதை அனுப்புனா பாத்துட்டு எடம் குடுப்பாங்களாமா. அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும். இந்தப் பேச்சு என் காதுக்கு வர்றதுக்கு முன்னால பெங்களூருக்குப் போயிருச்சு. நான் லேப்டாப் வாங்கிட்டு வர்றன்னு சித்தப்பா சொல்லிட்டாருங்கறா பாப்பா, மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

எம்புள்ளைக்கு அவன் எதுக்குங்க வாங்கோணும்? நான் சொல்லிட்டன், லேப்டாப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், உங்கப்பனே ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு தருவான்னு. பாப்பா நம்பல. எனக்கு அதுலதான் வெறியே வந்துச்சு. கோயமுத்தூர் போயி மதர்போர்டு, ப்ராசஸரு, ரேமு, டிஸ்க்கு, கேபினெட்டு எல்லாம் தனித்தனியா வாங்கியாந்தன். வீடியோ பாத்தன். ஊட்டுக்குள்ள முன்னால இருக்கற ஆசாரத்துல பாய் விரிச்சு உக்காந்து ஒவ்வொண்ணா மாட்டுனன். இந்தக் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? தலைமசுரு கனத்துல கம்பி சுத்தற கையி.

நம்ம பட்டறையில ஒரு பழக்கமுங்க. காயில் கட்டி முடிச்சு, மொத தடவை கரண்டு குடுக்கறதுக்கு முன்னால, மோட்டாருக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் கொழைச்சு வெச்சு, அதுமேல குங்குமம் வெப்பன். எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான். மோட்டாருன்னா ஒரே ஒடம்பு, ஒரு பொட்டோட முடிஞ்சுது. இது பல சாமானுங்களா, ஒண்ணை உட்டுட்டு ஒண்ணுக்கு வெச்சா நல்லாயிருக்காதுன்னு, மாட்டறதுக்கு முன்னாலயே எல்லாத்துக்கும் ஒவ்வொரு பொட்டு வெச்சன். ப்ராசஸருக்கு மட்டும் அதுக்குன்னு ஒரு பசை இருக்குதுன்னு வீடியோவுல சொன்னதுனால உட்டுட்டன். ரேமு பட்டையா, சின்னதா இருக்குதுங்களா, சந்தனம் கொஞ்சம் அடியில வழிஞ்சுருச்சு. வேட்டியில தொடச்சுட்டுக் குத்துனன். பாப்பா பக்கத்துல நின்னு, அப்பா இதுக்கெல்லாம் எதுக்குப்பான்னா. மோட்டாருக்கு வெச்சா ஓடுது, இதுக்கு வெச்சா ஓடாதான்னு கேட்டன்.

சுச்சைப் போட்டன் பாருங்க, லைட்டு எரிஞ்சுது, ஃபேனு சுத்துச்சு, திரையில எழுத்து வந்துச்சு. பாப்பா என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அப்பா நெசமாவே பண்ணிட்டீங்கப்பான்னு. அந்த ஒரு நாளு நான் ராசாவாட்டம் இருந்தனுங்க.

அடுத்தாப்புல விண்டோஸ் ஏத்தோணும். அதுக்கு ஒரு பென்டிரைவ் வேணும். அதை ரெடி பண்ணி, சுகுணா ஊருக்கு வர்றப்பக் குடுத்து உட்டிருந்தான் நவநீதன். யாரு கேட்டா? பாப்பா கேட்டிருக்குது. சரின்னு குத்துனன். பாதி ஏறுச்சுங்க. திடீர்னு திரை பூரா நீலமாப் போச்சு. மேல ஒரு மூஞ்சி, ரெண்டு புள்ளி கண்ணு, வாய் கீழ வளைஞ்சு அழுவுது. கீழ இங்கிலீசுல என்னமோ. அணைச்சுப் போட்டன். மறுபடியும் மொதல்லருந்து. இந்தத் தடவை முக்காவாசி போயி அதே நீல மூஞ்சி. இன்னொருக்கா, கால்வாசியிலயே. ஒருக்கா முழுசா ஏறி, பேரு என்னன்னு கேட்டுச்சு. பாப்பா ரெண்டு எழுத்து அடிக்கறதுக்குள்ள அப்படியே கல்லாட்டம் நின்னு போச்சு.

எனக்குத் தெரியும் என்னன்னு. வோல்டேஜ். எங்க தெருவுல சாயங்காலமானா வோல்டேஜ் தொங்கிரும். பட்டறையில இருந்து ஸ்டெபிலைசரைத் தூக்கியாந்து வெச்சன். நீல மூஞ்சி. அப்ப எர்த்து சரியில்லைன்னு, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில இருக்கற எர்த்துக் குழியில உப்பும் கரியும் போட்டுக் கொடங்கொடமாத் தண்ணி ஊத்துனன். நீல மூஞ்சி. மீட்டர் பொட்டியில இருந்து தனி வயரு இழுத்துட்டு வந்தன், சொவுரெல்லாம் ஓட்டை. அப்பவும் அதே. ஆனி மாசம் பூராவும் இதேதான். பட்டறையில மோட்டாரு சேந்து கெடக்குது, நான் இங்க உக்காந்து அந்த அழுமூஞ்சியைப் பாத்துட்டு இருக்கறன்.

அப்பா, சித்தப்பாவுக்கு வீடியோ கால் போடலாமா, ஒரு நிமிசம் காட்டுனாப் போதும்னு பாப்பா தெனமும் கேட்டா. நான் உடுவனா? உட்டா மாமனாரு காதுக்குப் போகும். பெரிய மாப்ள மாட்டுனது ஓடலியாமா, சின்ன மாப்ளதான் ஓட வெச்சாராமான்னு வெள்ளகோயில் பூரா பரவும். நான் சொல்லிட்டன், உன்ற சித்தப்பன் குடுத்த பென்டிரைவ்லதான் கோளாறே, அவனையே கூப்பிட்டு வேற காட்டோணுமான்னு. பாப்பா அழுதுட்டா. காலேசுக்கு அனுப்பற நாளு கிட்ட வந்துட்டு இருந்துச்சு. அதுக்கு ஒரு படம்கூட ரெடியாகல.

ஒரு நாளு பொடக்காளியில பேச்சுச் சத்தம். பாப்பா போன்ல. சிரிச்சுப் பேசறா. என்கிட்ட அப்படிச் சிரிச்சுப் பேசி எத்தனை நாளாச்சு? சித்தப்பா, சித்தப்பான்னு மூச்சுக்கு மூச்சு. அப்பறம் உள்ள வந்து மெதுவாக் கேக்கறா, அப்பா, ரேமு ரெண்டு இருக்குதுல்ல, ஒண்ணைக் கழட்டிட்டுப் போட்டுப் பாக்கலாமா, எதுல கோளாறுன்னு தெரிஞ்சுருமாமான்னு. யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் மாட்டுனது அத்தனையும் சரியாத்தான் இருக்குது, கழட்டறவன் கையை ஒடிச்சுப்போடுவன்னு சத்தம் போட்டன். கலாமணி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, ஏனுங்க, உங்க ரோசத்துக்குப் புள்ள படிப்புத்தான் கெடைச்சுதான்னா. அவளும் அந்தக் கட்சிதானுங்க.

ஆடி நோம்பி வந்துச்சு. மாமனாரு ஊட்டுல சாப்பாடு. மறுநாளு எல்லாரும் எங்க ஊட்டுக்கு வந்தாங்க, மாமனாரு, மாமியா, சுகுணா, அவன். வந்தவன் நேரா கம்ப்யூட்டர்கிட்டப் போயிருந்தாக்கூட எனக்குச் சண்டைக்கு ஒரு சாக்குக் கெடைச்சிருக்கும். போகலியே. உக்காந்து காப்பி குடிச்சான், என்ற பட்டறையைப் பத்திக் கேட்டான். பாப்பாதான் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. அப்பவும் திரும்பி, அண்ணா, பாக்கட்டுங்களாங்கறான். மாமனாரு முன்னால வேண்டாம்னு எப்படிச் சொல்றது? பாருப்பான்னன்.

பக்கவாட்டு மூடியைக் கழட்டுனான். உள்ள பாத்துட்டு, சுத்தமா மாட்டியிருக்கீங்கண்ணான்னான். அப்பறம் ரேமை வெளிய எடுத்தான். மூஞ்சிகிட்டக் கொண்டு போனான். மோந்து பாத்தானுங்க, நெசமா. என்னைய ஒரு பார்வை பாத்தான். பாப்பா, ரப்பர் இருக்குதா கண்ணுன்னான். பென்சில் அழிக்கற ரப்பரு. ரேமுக்கு அடியில தங்கக் கலர்ல சீப்புப் பல்லாட்டம் இருக்குமில்லீங்க, அதை முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்துட்டு அந்த ரப்பர்ல தேய் தேய்னு தேச்சான். வெள்ளை ரப்பரு மஞ்சளாப் போச்சு. ரப்பரு எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலீங்க. சும்மா பந்தாவுக்குன்னு நெனக்கறன்.

மறுபடியும் மாட்டுனான், ஏத்துனான். முழுசா ஏறிருச்சு. நீல மூஞ்சி வரவே இல்ல. மாமனாரு தொடையைத் தட்டிக்கிட்டு, என்ன மாப்ள பண்ணுனீங்கன்னு அவனைக் கேக்கறாரு. ஆசாரமே அவன் மூஞ்சியைப் பாக்குது. அவன் சொன்னானுங்க, அந்த வார்த்தையை நீங்க நல்லாக் கேட்டுக்கோணும்: "அண்ணன் மாட்டுனதுல ஒரு கோளாறும் இல்ல மாமா. நான் அனுப்புன பென்டிரைவ்தான் சரியில்ல. அவசரத்துல தப்பாப் பண்ணிக் குடுத்துட்டன். தப்பு என்னோடது."

பாத்தீங்களா? அத்தனை பேரு முன்னால ஒத்துக்கிட்டான். நான் ஆனி மாசத்துலருந்து அதைத்தானே சொல்லிட்டு இருக்கறன்? கலாமணி முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பாப்பா அந்த ரப்பரையே பாத்துட்டு நின்னா.

எந்தப் பென்டிரைவ்ல ஏத்துனான்னா? அதே பென்டிரைவ்தானுங்க. நீங்களும் அதைத்தான் கேக்கறீங்க. கோளாறான பென்டிரைவ்ல எப்படி ஏறுச்சுன்னு நானும் ஒரு நிமிசம் யோசிச்சன். அவன் உள்ள என்னமோ மாத்தியிருப்பான்னு உட்டுட்டன்.

இதுல கொடுமை என்னன்னா, தப்பு என்னோடதுன்னு சொன்னவனைத்தான் கொண்டாடறாங்க. சரியா மாட்டுனவனை ஒருத்தரும் கண்டுக்கல. பெரிய மனசு பாரு சின்ன மாப்ளைக்குன்னு மாமியா சொல்றாங்க. அன்னியிலருந்து தெனமும் அந்தப் பொட்டி என்ற ஊட்டு ஆசாரத்துல ஓடுது. பாப்பா அதுமுன்னால உக்காந்து வரையறா, சிரிக்கறா. சித்தப்பா போட்டதுலருந்து ஒருதடவைகூட நிக்கலப்பாங்கறா. என்ற ஊட்டுல, என்ற கரண்டுல, நான் பாத்துப் பாத்து மாட்டுன பொட்டிக்குள்ள அவன் ஓடிட்டு இருக்கறானுங்க. சோறு எறங்க மாட்டீங்குது எனக்கு.

அதான் முடிவு பண்ணிட்டன். பாப்பா சிநேகிதி ஊட்டுக்குப் போன நேரமாப் பாத்துக் கழட்டித் தூக்கியாந்துட்டன். கோயமுத்தூர்ல எனக்குச் சாமான் குடுத்த கடைக்காரன்கிட்டச் சொல்லி, உள்ள இருக்கறதையெல்லாம் சுத்தமா அழிச்சுட்டு, புதுசா விண்டோஸ் போட்டு எடுத்துட்டு வந்துருவன். அவன் போட்டது போகோணும். அவ்வளவுதான்.

பாப்பா படமா? அது பத்தரமா இருக்குங்க. எங்கயோ மேல சேத்து வெப்பாங்களாமே. என்ன அப்படிப் பாக்கறீங்க, அழிச்சா எல்லாம் போயிருமா? படமுமா?

இருங்க, போனு அடிக்குது. ஊட்டுல இருந்துதான். பாப்பா பேச்சை எடுத்து இன்னும் வாயை மூடல.

சொல்லு கண்ணு. பஸ்சுல போயிட்டு இருக்கறன். ஆமா, என்கிட்டத்தான் இருக்குது. சும்மா, சர்வீசுக்கு. என்னது? வேற எங்கயும் எடுத்து வெக்கலியா? நாளைக்கா அனுப்போணும்? சரி சரி, அழுவாத சாமி. அப்பன் சொல்றதைக் கேளு. யாரு, நானா? சித்தப்பா போட்டதுன்னு நான் எதுக்கு. இல்ல கண்ணு. என்ன? என்ன சந்தனம்? எப்பச் சொன்னான்? உங்கம்மாவுக்குத் தெரியுமா? தாத்தனுக்குமா? ம். ம். வெய்யி.

தண்ணி இருக்குதுங்களா தம்பி? ஒரு வாய் குடுங்க.

நான் வெச்ச சந்தனமாமாங்க. ரேமு பல்லுல ஒட்டிக் காஞ்சு போயி, அதனாலதான் நடுவுல நடுவுல நின்னு போச்சாமா. ரப்பர்ல வந்த மஞ்சளு அதுதான். பென்டிரைவ்ல ஒரு கோளாறும் இல்லியாமா. ஊட்டுல அத்தனை பேருக்கும் தெரியுமாமா. அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்க, ஆசையா மாட்டுனாரு, சங்கடப்படுவாருன்னு அவன் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டுக்கிட்டானாமா. மாமனாருக்குத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை என்கிட்டக் கேக்கல பாருங்க.

நானா இருந்தாச் சிரிச்சிருப்பனுங்க. அவன் இப்படி ஒரு வேலை பண்ணி நான் கண்டுபுடிச்சிருந்தா, அந்த ரப்பரை எல்லார் கையிலயும் குடுத்துக் காட்டியிருப்பன். மாமனாருகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பன். அவனும் சிரிச்சிருந்தான்னா நல்லாயிருந்திருக்கும். சட்டையைப் புடிச்சிருக்கலாம். இப்ப எதைப் புடிக்கறது? ஈரலு போச்சு, மோட்டாரு போச்சு, எம்புள்ள சிரிப்பும் அங்க போச்சு. இந்தப் பொட்டியில முழுசா என்னோடதுன்னு இருந்தது அந்தத் தப்பு ஒண்ணுதான். அதையும் எடுத்து அவன் பேருல போட்டுக்கிட்டானுங்களே.

அவனுக்கு ஒரு போன் போட்டுப் பேசறதா? அது மட்டும் என்னால ஆகாதுங்க தம்பி. கோச்சுக்காதீங்க. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

பல்லடம் வந்துருச்சுங்களா? கண்டக்டரே, நிப்பாட்டுங்க, இங்கயே எறங்கிக்கறன். காங்கயம் பஸ்சு எதுத்தாப்புலதானே நிக்கும்? நான் எந்திரிக்கறவரைக்கும் இதைக் கொஞ்சம் புடிங்க தம்பி. ரெண்டு கையிலயும் புடிங்க. இடிச்சுறாம. உள்ள பாப்பா படம் இருக்குது.